எல்லாம் சரியான பிறகு முடி கொட்டுவது ஏன்? பாகூர், கடலூர் பக்கம் யாருக்காவது இப்படி இருக்கிறதா?

பாகூர் மருமகள் · 9 மார்ச் 2025

வணக்கம். வயது 34. பாகூர் பக்கத்தில் ஒரு கிராமம், அரியாங்குப்பத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாசி பிறந்ததிலிருந்து முடி கொட்டுகிறது. கொட்டுகிறது என்றால் சீப்பில் நாலு முடி என்று நினைத்துவிடாதீர்கள், தலைக்குக் குளித்தால் தண்ணீர் போகிற ஓட்டை அடைத்துக்கொண்டு கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது.

எங்கள் மாமியாருக்கு ஒரு வழக்கம். சீவும்போது உதிர்கிற முடியைச் சுருட்டி, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கும் கவரில் போடுவார். சிக்கு முடி வாங்குகிறவர் தெருவில் வந்தால் கொடுத்துவிட்டு ஏதாவது பாத்திரம் வாங்குவதற்கு. வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள், அந்தக் கவர் நிறைய ஒரு வருஷமாவது ஆகும். இந்தத் தடவை மூன்று வாரத்தில் பிதுங்குகிறது. "இந்த வாட்டி குண்டானே கேக்கலாம்" என்று அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்கு அன்று ராத்திரி தூக்கம் போய்விட்டது.

பார்க்கிறவர்கள் எல்லாம் டென்ஷனா, டென்ஷனா என்று கேட்கிறார்கள். இப்போது எனக்கு என்ன டென்ஷன்? வீடு சரியாகிவிட்டது, பையன் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறான், சம்பளம் தேதிக்கு வருகிறது. ஷாம்பூ மாற்றிவிட்டேன், செம்பருத்தி போட்டு எண்ணெய் காய்ச்சிவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. வழுக்கை விழுந்துவிடுமா?

லாஸ்பேட்டை போர்த்தண்ணி · 9 மார்ச்

தண்ணீர்தான். வேறு யோசிக்கவே வேண்டாம். போர் தண்ணீரில் உப்பு ஏறிப்போச்சு, பக்கெட் அடியில் வெள்ளையாகப் படிகிறதா பாருங்கள். குழாயில் ஃபில்டர் மாட்டுங்கள்.

மஞ்சக்குப்பம் மொட்டை · 9 மார்ச்

சகோதரி, டென்ஷன் என்பது டாக்டருக்கு ஒன்றும் புரியாதபோது வாயில் வருகிற வார்த்தை. வயிற்று வலியா, டென்ஷன். தூக்கம் வரவில்லையா, டென்ஷன். என் அப்பாவுக்கு முப்பதில் முன்நெற்றி ஏறியது, எனக்கு இருபத்தெட்டில். அவர் வாழ்நாளில் ஒரு நாள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. எல்லாம் பரம்பரை. உங்கள் அம்மா தலையைப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும்.

ராத்திரி ட்யூட்டி · 10 மார்ச், அதிகாலை

கடலூர் ஓல்டு டவுன் பக்கம், செவிலியர் வேலை, இருபது வருஷம் தாண்டிவிட்டது. நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி, இன்றைக்கு என்ன கவலை என்று யோசிக்காதே. கொட்ட ஆரம்பித்த நாளிலிருந்து பின்னால் எண்ணு. இரண்டரை, மூன்று மாசம். மாசி முதல் வாரம் என்றால் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம். அப்போது என்ன நடந்தது? காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், வீட்டில் சாவு, பட்டினி, ஏதாவது? அப்புறம் உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து நுனியைப் பார். ஊசிமுனை அளவு வெள்ளைக் குமிழ் இருக்கிறதா, இல்லை குமிழே இல்லாமல் நடுவில் ஒடிந்திருக்கிறதா? தலை முழுக்கச் சமமாகக் கொட்டுகிறதா, வகிடு மட்டும் அகலமாகிறதா, வட்டமாக எங்காவது சொட்டை தெரிகிறதா?

பாகூர் மருமகள் · 10 மார்ச்

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. அதைக்கூடத் தாண்டிவிட்டோம், மறுநாள் வெயில் வரும் என்று பாயை எடுத்து வெளியே போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று சேதி வந்தது, தென்பெண்ணை பொங்கி எங்கள் பக்கம் வந்தது. மழையில் வருகிற தண்ணீர் வேறு, ஆற்றுத் தண்ணீர் வேறு, அது சத்தமே இல்லாமல் வாசல்படி ஏறுகிறது. பீரோவின் கீழ்த்தட்டில் நிலப் பத்திரம், பையனின் சான்றிதழ். அதை எடுக்கப் போனபோது இடுப்பளவு. பக்கத்து மாடியில் நாலு ராத்திரி, ஈரப் பாய், ஈரச் சேலை. கொடுத்த சாப்பாட்டைப் பையனுக்கும் மாமியாருக்கும் வைத்துவிட்டு நான் பிஸ்கட். கடைசி நாள் எனக்குக் காய்ச்சல். வடிந்த பிறகு பதினைந்து நாள் சேறு வாரினோம். அந்த மாசம் முழுக்க நான் அழக்கூட இல்லை, அதுதான் ஆச்சரியம். எல்லோரும் "நீ தைரியசாலி" என்றார்கள்.

முடியின் நுனியில் வெள்ளைக் குமிழ் இருக்கிறது. வேரோடு வந்துவிட்டது என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். தலை முழுக்கத்தான் கொட்டுகிறது, சொட்டை எதுவும் இல்லை.

ராத்திரி ட்யூட்டி · 11 மார்ச்

அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போய் முடிந்த முடியின் அடிப்பக்கம் அப்படித்தான் இருக்கும். வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் வார்டு மாதிரி நினைத்துக்கொள். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அதில் நூற்றுக்கு 85, 90 எப்போதும் ட்யூட்டியில் இருக்கும், அதாவது வளர்ந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு முடியும் இரண்டிலிருந்து ஆறு வருஷம். மீதி லீவில். லீவு ஏறக்குறைய மூன்று மாசம், அது முடிந்ததும் பழைய முடி உதிர்ந்து அதே குழியில் புதுசு கிளம்பும். ஒவ்வொருவராக முறை வைத்து லீவு போடுவதால் தினமும் 50, 100 உதிர்ந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. உடம்புக்குப் பெரிய அடி விழுந்தால் நிறையப் பேர் ஒரே நாளில் லீவு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அன்றைக்கே உதிர மாட்டார்கள், அங்கேயே நிற்பார்கள். மூன்று மாசம் கழித்து எல்லோரும் சேர்ந்தாற்போல் கிளம்பும்போதுதான் நீ பார்க்கிறாய். அதற்குள் வெள்ளம் வடிந்து, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று, அதனால் இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகவே தோன்றாது.

நம் பாட்டிகளுக்கு இது தெரிந்தேதான் இருந்தது. "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும்" என்பார்கள் இல்லையா? குழந்தை முகம் பார்ப்பது இரண்டு, மூன்று மாசத்தில். கணக்குச் சரியாக வருகிறது. குழந்தையின் சிரிப்பைத்தான் வீணாகக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள், உண்மையில் அது பிரசவத்தின் கணக்கு.

ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்கிறேன். உனக்கு இது பயத்தால் வந்ததா, காய்ச்சலால் வந்ததா, நாலு நாள் பிஸ்கட்டால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. காய்ச்சல், ரத்த இழப்பு, சாப்பாடு குறைவது, இதெல்லாம் உறுதியான காரணங்கள். பெரிய அதிர்ச்சியும் அப்படித்தான். பஸ் லேட், மேனேஜர் திட்டினார் மாதிரியான தினசரி எரிச்சலுக்கெல்லாம் கொத்தாக முடி கொட்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பண்ணுருட்டி பலா · 11 மார்ச்

இதைப் படித்ததும் எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. 2011 டிசம்பர் 30, தானே புயல். எங்கள் தாத்தா வைத்த பலா மரங்கள், ஒவ்வொன்றும் நான் கட்டிப்பிடித்தால் கை எட்டாத அளவு, விடிந்து பார்த்தால் வேரோடு மல்லாந்து கிடந்தன. முந்திரி மிச்சமே இல்லை. அம்மா தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தவர்தான். பங்குனியில் முடி கொட்ட ஆரம்பித்தது. இடுப்பு வரை இருந்த பின்னல் எலிவால் ஆனது. "எப்படியும் போவுது, சாமிக்காவது குடுப்போம்" என்று திருவந்திபுரம் போய் மொட்டை போட்டுக்கொண்டார். அடுத்த வருஷம் நன்றாக அடர்த்தியாக வளர்ந்தது. பெருமாள் கொடுத்தார் என்று இன்றைக்கும் சொல்வார்.

ராத்திரி ட்யூட்டி · 11 மார்ச்

சொல்லட்டும் தம்பி, அவருக்கு அந்த ஆறு மாசம் மனசுக்கு ஒரு பிடிமானம் கிடைத்ததே. மொட்டை போட்டால் முடி கனமாக வளராது என்று மட்டும் மற்றவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன், கத்தி தோலுக்கு மேலேதான் போகிறது. மொட்டை போடாவிட்டாலும் அது வளர்ந்திருக்கும்.

மஞ்சக்குப்பம் மொட்டை · 12 மார்ச்

கதையெல்லாம் நன்றாக இருக்கிறது. புயலுக்குப் பிறகு ஆயிரம் பேருக்கு முடி கொட்டும், புயல் இல்லாத வருஷமும் ஆயிரம் பேருக்குக் கொட்டும். மனசில் பட்டது மயிர்க்காலுக்கு எந்த வழியாகப் போகிறது? அதைச் சொல்லுங்கள் யாராவது.

நுண்ணோக்கி · 12 மார்ச்

அண்ணா, நான் புதுச்சேரியில் உயிரியல் முதுகலை படிக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்று மாசக் கணக்கு புதிது இல்லை, ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1961-லேயே இதை விவரித்து டீலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர் வைத்துவிட்டார். ஆனால் நீங்கள் கேட்கிற "எந்த வழியாக" என்பதற்கு ஒரு நல்ல துப்பு கிடைத்தது 2021-ல், நேச்சர் இதழில், ஹார்வர்டில் யா-சியே ஷூவின் ஆய்வுக்குழு. மன உளைச்சலில் அட்ரினல் சுரப்பி ஒரு ஹார்மோனை விடுகிறது, மனிதருக்குக் கார்டிசால், எலிக்குக் கார்டிகோஸ்டிரோன். அது நேராக முடியின் ஸ்டெம் செல்லை, அதாவது புது முடியை முளைக்கவைக்கும் மூலச் செல்லை, தாக்குவதில்லை. வேருக்கு அடியில் இருக்கும் டெர்மல் பாப்பில்லா என்ற சின்னத் திரளிடம் போகிறது. அந்தத் திரள் வழக்கமாக காஸ்-6 என்ற புரதத்தை விட்டு "எழுந்திரு, வளர ஆரம்பி" என்று ஸ்டெம் செல்லுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். ஹார்மோன் அதிகமானால் அந்தப் புரதம் நின்றுபோகிறது, ஸ்டெம் செல் தூங்கிக்கொண்டே இருக்கிறது. அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட எலிகளில் ஓய்வுக் காலம் வெகுவாகக் குறைந்து முடி திரும்பத் திரும்ப வளர்ந்தது, வயசான எலிக்கும்கூட.

எலியில் பார்த்தது, அதுவும் புது வளர்ச்சி தள்ளிப்போவதைத்தான் காட்டியது, வளர்ந்துகொண்டிருக்கும் முடி ஒரேயடியாக ஓய்வுக்குப் போவதை அல்ல. அதனால் இதுதான் மனிதருக்கும் முழு விளக்கம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இதே குழு 2020-ல் நரையைப் பற்றியும் ஒன்று வெளியிட்டது, அது வேறு பாதை, நரம்பு வழியாக நிறம் கொடுக்கும் செல்கள் தீர்ந்துபோவது.

இன்னொரு விஷயம், எலிக்கு மன உளைச்சல் உண்டாக்க ஆய்வகங்களில் வழக்கமாக என்ன செய்வார்கள் தெரியுமா? கூண்டைச் சாய்த்து வைப்பது, ராத்திரி விளக்கை அணைக்காமல் விடுவது, படுக்கையை ஈரமாக்குவது.

பாகூர் மருமகள் · 12 மார்ச்

ஈரப் படுக்கையா. அந்த எலி நான்தான் தம்பி.

மஞ்சக்குப்பம் மொட்டை · 12 மார்ச்

சரி, பதில் மாதிரி ஒன்று கிடைத்தது. ஆனால் என் முன்நெற்றி?

நுண்ணோக்கி · 12 மார்ச்

உங்களுடையது பரம்பரைதான் அண்ணா, அதில் சண்டையே இல்லை. டிஎச்டி என்ற ஆண் ஹார்மோனுக்கு அந்த இடத்து மயிர்க்கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன. பக்கவாட்டிலும் பிடரியிலும் நிற்கிறது பாருங்கள். மருமகள் அக்காவுக்கு இப்போது நடப்பது அது இல்லை.

லாஸ்பேட்டை போர்த்தண்ணி · 13 மார்ச்

அப்போ தண்ணீருக்கு ஒன்றும் பங்கில்லையா?

ராத்திரி ட்யூட்டி · 13 மார்ச்

உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், இழுத்துச் சீவினால் நடுவில் ஒடியும். ஒடிந்த முடியில் குமிழ் இருக்காது. அதற்காகத்தான் முதல் நாளே தாளில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஃபில்டர் மாட்டுவது உங்கள் இஷ்டம்.

ஏமாந்த சோணகிரி · 15 மார்ச்

இந்த இழை நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்திருந்தால் எனக்குப் பணம் மிச்சமாகியிருக்கும். 2021-ல் கொரோனா வந்து ஆக்சிஜன் வரை போய்த் திரும்பினேன். ஆகஸ்டில் முடி கொட்டத் தொடங்கியது. பயந்துபோய் ஒரு ஹேர் கிளினிக்குக்குப் போனேன், பெயர் வேண்டாம். வெள்ளைக்கோட்டு போட்ட பெண் தலையில் ஒரு கேமராவை வைத்து டிவியில் காட்டினார். கரிசல் நிலம் வெடித்த மாதிரி தெரிந்தது. ரத்தத்தை எடுத்துச் சுழற்றித் தலையில் ஊசியாகப் போடுவது, ஆறு தடவை, மொத்தம் 36,000 ரூபாய், இன்றே கட்டினால் தள்ளுபடி. கட்டினேன். முன்னால் என்ன காய்ச்சல் வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூன்றாவது ஊசி முடியும்போது முடி நின்றுவிட்டது, "பார்த்தீர்களா" என்றார்கள். அதே மாதிரி கொரோனா வந்து அதே மாதிரி முடி கொட்டிய என் தம்பி, சோம்பேறி, ஒன்றுமே செய்யவில்லை. அவனுக்கும் அதே மாசம் நின்றது.

கூடவே பயோட்டின் மாத்திரையும் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே தைராய்டு டெஸ்ட் எடுத்ததில் ரிசல்ட் தாறுமாறாக வந்து அது ஒரு தனி அலைச்சல். பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பிவிடும் என்று பிறகு வேறொரு டாக்டர் சொன்னார். டெஸ்டுக்கு முன்னால் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று லேபில் சொல்லிவிடுங்கள்.

ஷிஃப்ட் பி · 15 மார்ச்

சிப்காட்டில் வேலை, வயது 26. எனக்குத் தாடியில் எட்டணா அளவு வழுவழுவென்று ஒரு வட்டம். இதுவும் டென்ஷனா? அம்மா புழுவெட்டு என்று சொல்லி சின்ன வெங்காயத்தை வெட்டித் தேய்க்கிறார், எரிகிறது.

ராத்திரி ட்யூட்டி · 16 மார்ச்

பெயர்தான் புழுவெட்டு, புழுவும் இல்லை பூச்சியும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. மன உளைச்சலுக்குப் பிறகு வந்ததாகப் பலர் சொல்வார்கள், ஆனால் அது ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஒரே ஒரு வட்டம் என்றால் பெரும்பாலும் தானே நிரம்பிவிடும். வெங்காயச் சாற்றை வைத்து ஒரு சின்ன ஆய்வு 2002-ல் ஈராக்கில் நடந்து, சிலருக்கு முடி வந்தது என்று சொன்னார்கள், அதனால் உன் அம்மாவைக் கேலி செய்யாதே. ஆனால் தோல் புண்ணாகும்வரை தேய்க்காதே. பெருகினாலோ, புருவம், இமை என்று போனாலோ தோல் டாக்டரிடம் ஓடு, இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன.

தேவனாம்பட்டினம் அம்மா · 16 மார்ச்

பெயர் சொல்ல விரும்பவில்லை. என் பெண்ணுக்கு பிளஸ் டூ பரீட்சை நடக்கிறது. உச்சியில் ஒரு இடம் மட்டும் முடி குட்டை குட்டையாக இருக்கிறது. படிக்கும்போது விரலில் சுற்றிச் சுற்றிப் பிடுங்குகிறாள், கேட்டால் இல்லை என்கிறாள். கையில் அடித்துக்கூடப் பார்த்துவிட்டேன்.

ராத்திரி ட்யூட்டி · 16 மார்ச்

அம்மா, அடிக்காதீர்கள், திட்டவும் வேண்டாம். அது கெட்ட பழக்கம் இல்லை, ஒரு நோய். அவள் பொய் சொல்வதாகவும் நினைக்காதீர்கள், பாதி நேரம் கை போவதே அவளுக்குத் தெரியாது. தோல் டாக்டரைவிட மனநல ஓ.பி.தான் இதற்குச் சரியான இடம். இந்தப் பழக்கத்தை மாற்றுவதற்கென்றே பயிற்சி இருக்கிறது. பரீட்சை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். தனியாகப் பேச வேண்டும் என்றால் எனக்கு எழுதுங்கள்.

பாகூர் மருமகள் · 29 மார்ச்

ஜிப்மர் தோல் ஓ.பி. போய் வந்தேன், காலை ஆறு மணி பஸ். டாக்டர் ஒரு கொத்து முடியை, அறுபது இருக்கும், விரலில் பிடித்து மெதுவாக உருவினார், ஒன்பது வந்தது. ஆறுக்கு மேல் என்றால் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். ராத்திரி ட்யூட்டி அக்கா சொன்ன அதே பெயரைச் சொன்னார், இல்லை இல்லை, நுண்ணோக்கித் தம்பி சொன்னது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10.2, இரும்புச் சேமிப்பு ஃபெரிட்டின் 9. தைராய்டு சரியாக இருக்கிறது. வெள்ளத்துக்கு முன்னாலேயே ரத்தம் குறைவாகத்தான் இருந்திருக்கும், அதன் மேல் இது வந்து ஏறிக்கொண்டது என்றார். இரும்பு மாத்திரை, டீயோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. தலைக்குத் தடவ ஒன்றும் தரவில்லை. மாமியாருக்கு அதில்தான் வருத்தம், அவ்வளவு தூரம் போய் ஒரு எண்ணெய்கூட எழுதித் தரவில்லையே என்று.

ராத்திரி ட்யூட்டி · 29 மார்ச்

காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் எடுத்தால் பொய்யாக ஏறிக் காட்டும், நீ மூன்று மாசம் கழித்து எடுத்தது நல்லதாகப் போயிற்று. தினமும் உதிர்ந்த முடியை எண்ணிக்கொண்டிருக்கிறாயா?

பாகூர் மருமகள் · 29 மார்ச்

எண்ணுகிறேன் அக்கா. கணக்கு எழுதுகிறவள் ஆயிற்றே. நோட்டில் தேதி போட்டு வைத்திருக்கிறேன். நேற்று 214.

ராத்திரி ட்யூட்டி · 29 மார்ச்

அந்த நோட்டை அடுப்பில் போடு.

மஞ்சக்குப்பம் மொட்டை · 2 ஏப்ரல்

நோட்டை எரித்தாயா சகோதரி? நான் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கும் 2015 வெள்ளத்துக்கு அடுத்த மாசி, பங்குனியில் கொட்டியது. கீழ்வீட்டில் ஆறு அடி தண்ணீர், கடைச் சரக்கு முழுக்கப் போனது. அதுவரை மெதுவாக ஏறிய நெற்றி அந்த இரண்டு மாசத்தில் சரசரவென்று தெரிய ஆரம்பித்தது. பரம்பரை என்று எழுதி முடித்துவிட்டேன். இப்போது பின்னால் எண்ணிப் பார்த்தால்... சரி விடுங்கள், வளரவா போகிறது.

பாகூர் மருமகள் · 17 ஆகஸ்ட் 2025

நோட்டை எரிக்கவில்லை, பையன் அதில் கணக்குப் போடுகிறான். மே மாசம் கொட்டுவது குறைந்தது, ஜூனில் பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஃபெரிட்டின் இப்போது 31. இன்னும் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். முன்நெற்றியிலும் காதோரத்திலும் சுண்டுவிரல் நீளத்துக்குக் குட்டி முடிகள், எண்ணெய் வைத்தாலும் படியாமல் நட்டுக்கொண்டு நிற்கின்றன. கடையில் ஒருத்தி "முன்னால கட் பண்ணிக்கிட்டியா, நல்லாருக்கு" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் சிக்கு முடிக்காரர் வந்தார். மாமியார் இரண்டு கவரையும் எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் பேரம் பேசினார். குண்டான் கிடைக்கவில்லை. மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று கிடைத்தது, நிலப் பத்திரத்தை மடித்து அதில் வைத்துப் பரண் மேல் ஏற்றியிருக்கிறார்.